மீட்டர் இல்லாத ஊரில் சிக்கனம்

சென்னையில் ஏதாவது ஒரு வீட்டில், இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் கரண்ட் ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கிட்டத்தட்ட சரியான விடை வரும். 500 யூனிட்டைத் தாண்டினால் பில் எப்படி எகிறும் என்பதும் தெரிந்திருக்கும். ரீடிங் எடுக்க ஆள் வரும் தேதியைக் கணக்குப் போட்டு, கடைசி வாரத்தில் ஏசியைக் குறைத்துக்கொள்ளும் வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வரும், பால் எத்தனை பாக்கெட், மாதத்துக்கு அரிசி எத்தனை கிலோ, எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அதே வீட்டில், நேற்று எத்தனை லிட்டர் தண்ணீர் செலவானது என்று கேட்டால் பதில் வராது. அதற்காக அவர்களை அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. சென்னையின் பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு மீட்டரே இல்லை. குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டர் தரும் தண்ணீருக்கு எவ்வளவு பிடித்தாலும் ஒரே கட்டணம். போர் எனும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கு மோட்டார் இழுக்கும் மின்சாரம்தான் விலை. லாரித் தண்ணீரின் செலவு அடுக்கக மெயின்டனன்ஸ் கணக்கில் ஒரு வரியாகக் கரைந்துபோகிறது. அளக்க முடியாத ஒன்றில் சிக்கனமாக இரு என்று நாம் ஆண்டுதோறும் கோடையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கோடை அறிவுரைகள் எல்லோருக்கும் மனப்பாடம். பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள், ஷவரை விட்டு வாளியில் குளியுங்கள், காரை ஈரத்துணியால் துடையுங்கள், ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள். ஒன்றுகூடத் தவறில்லை. ஆனாலும் இவற்றால் ஊரின் தண்ணீர்ச் செலவு குறைந்ததாகத் தெரியவில்லை. குறைந்திருந்தாலும் அதைக் காட்ட நம்மிடம் எண் எதுவும் கிடையாது. நான் இங்கே சொல்ல வருவது ஒன்றுதான். சட்டமோ அபராதமோ இல்லாமலேயே மக்களும் வியாபாரிகளும் தண்ணீரைச் சேமிப்பார்கள், கணிசமாகவே சேமிப்பார்கள். ஆனால் தாங்கள் எவ்வளவு செலவழிக்கிறோம், பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு செலவழிக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆகவே ஒரு நகரவாசி தானாக முன்வந்து செய்யக்கூடிய காரியங்களில் முதலாவது அளப்பது. குழாயை மூடுவதெல்லாம் அதற்கு அடுத்த வேலை.

வெறும் அறிவுரைக்கு எவ்வளவு பலம் என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அட்லாண்டாவை ஒட்டிய காப் கவுண்டியில் 2007 வறட்சியின்போது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எடுத்துக்கொண்டு, பால் ஃபெராரோ, மைக்கேல் பிரைஸ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். சில வீடுகளுக்குத் தண்ணீர் சேமிக்கும் வழிகளை மட்டும் அச்சிட்டு அனுப்பினார்கள். சில வீடுகளுக்கு அதனுடன் 'நம் ஊருக்காகச் சேமியுங்கள்' என்று வேண்டுகோள் வைத்து ஒரு கடிதம். இன்னும் சில வீடுகளுக்கு இவை இரண்டோடு கூடவே, போன கோடையில் உங்கள் வீடு இவ்வளவு செலவழித்தது, சுற்றுவட்டாரத்தின் சராசரி இவ்வளவு என்ற ஒப்பீடு. எந்தக் கடிதமும் போகாத வீடுகளோடு ஒப்பிட்டால், குறிப்புகள் மட்டும் கிடைத்த வீடுகளில் குறைந்தது ஏறக்குறைய 1 சதவீதம். வேண்டுகோளும் சேர்ந்தபோது 3 சதவீதத்தை நெருங்கியது. ஒப்பீடும் சேர்ந்தபோது 5 சதவீதத்தை நெருங்கியது. அதிகம் செலவழித்த வீடுகளே அதிகம் குறைத்தன. 5 சதவீதம் பெரிய எண்ணா என்று கேட்கலாம். ஒரே ஒரு கடிதத்துக்கு, ஒரு தபால் தலைச் செலவுக்கு, அது பெரிய எண்தான். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. குறிப்பு எல்லோருக்கும் ஒன்றேதான். எண் சேர்ந்த பிறகுதான் அது காரியமாக மாறியது.

கலிஃபோர்னியாவின் கதை இதன் மறுபக்கம். 2014 ஜனவரியில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் வறட்சி நெருக்கடியை அறிவித்து, எல்லோரும் தாமாக 20 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். ஓராண்டில் கிடைத்தது அதில் பாதிதான். 2015 ஏப்ரலில் அவரே அதை 25 சதவீதக் கட்டாயமாக்கினார். ஒவ்வொரு குடிநீர் நிறுவனத்துக்கும் தனித்தனி இலக்கு, மாதாமாதம் பொதுவில் வெளியாகும் கணக்கு. அடுத்த சில மாதங்களில் ஏறக்குறைய 24 சதவீதம் குறைந்தது. 2021 ஜூலையில் அடுத்த ஆளுநர் கேவின் நியூசம் மறுபடி தன்னார்வமாக 15 சதவீதம் கேட்டபோது, அந்த வேண்டுகோளைத் திரும்பப் பெற்ற 2023 மார்ச் வரை சேர்ந்தது 7 சதவீதம் அளவுக்கே. இதைக் காட்டி, பார்த்தீர்களா, கட்டாயம் இல்லாமல் எவனும் செய்ய மாட்டான் என்று முடித்துவிடுவது சுலபம். நான் அப்படிப் படிக்கவில்லை. 'எல்லோரும் 20 சதவீதம்' என்பது யாருக்கும் சொல்லப்படாத எண். எதில் 20, யாருடைய 20 என்று ஒரு வீட்டுக்குத் தெரியாது. இலக்கு ஊர்வாரியாகப் பிரிந்து, மாதாமாதம் வெளியே தெரிந்தபோதுதான் ஒவ்வொரு ஊரும் தன்னைப் பார்த்துக்கொண்டது. கட்டாயத்துக்கும் அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கட்டாயத்தோடு கூடவே கணக்கும் வந்தது என்பதை நாம் விட்டுவிடுகிறோம்.

கட்டாயத்தைவிட எண்ணே முன்னின்ற இடங்களும் உண்டு. ஸ்பெயினின் சரகோசா நகரத்தில் 1997இல் ஒரு தொண்டு நிறுவனம், ஓராண்டில் நகரம் முழுவதும் சேர்ந்து வீட்டு உபயோகத்தில் 100 கோடி லிட்டர் சேமிப்பது என்று ஒரு பந்தயம் போல அறிவித்தது. குழாய்க் கடைக்காரர்களையும் பிளம்பர்களையும் பள்ளிக்கூடங்களையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டது. ஆண்டு முடிவில் இலக்கைத் தாண்டிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனைச் சுற்றியுள்ள தென்கிழக்கு குவீன்ஸ்லாந்தில், அணைகள் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போன 2007இல், ஆளுக்கு ஒரு நாளைக்கு 140 லிட்டர் என்று இலக்கு வைத்தார்கள். வறட்சிக்கு முன் அங்கே ஒருவர் 300 லிட்டர் வரை செலவழித்துக்கொண்டிருந்தார். நான்கு நிமிடத்தில் குளித்து முடிக்க ஒரு மணற்கடிகாரம் போன்ற டைமரை வீடுகளுக்குக் கொடுத்தார்கள். செலவு 140க்குக் கீழே இறங்கியது. தோட்டத்துக்குக் குழாயில் தண்ணீர் விட அங்கே கடுமையான தடை இருந்தது உண்மை. ஆனால் குளியலறைக்குள் எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்க முடியாது. அங்கே நடந்த சேமிப்பு முழுக்க மனமுவந்து நடந்தது. 140 என்ற எண் வீட்டுக்கு வீடு தெரிந்திருந்ததால் நடந்தது.

கேப்டவுனையும் சொல்லாமல் இருக்க முடியாது. தென்னாப்பிரிக்காவின் அந்த நகரம் 2015 கோடையில் நாளைக்கு 120 கோடி லிட்டர் வரை செலவழித்தது; 2018 தொடக்கத்தில் அது ஏறக்குறைய 50 கோடிக்கு வந்தது. அபராதம், ஏறிய கட்டணம், குழாயில் அழுத்தம் குறைப்பு, பக்கத்து விவசாயிகள் தங்கள் அணையிலிருந்து விட்டுக்கொடுத்த தண்ணீர் எல்லாம் அதில் சேர்த்தி. ஆளுக்கு 50 லிட்டர் என்ற வரம்பு 2018 பிப்ரவரி 1 முதல் வந்தது. இத்தனைக்கும் நடுவில் நகராட்சி செய்த ஒரு காரியம், வீடுவாரியாகத் தண்ணீர்ச் செலவைக் காட்டும் ஒரு வரைபடத்தை இணையத்தில் போட்டது. வரம்புக்குள் இருக்கும் வீட்டின்மேல் ஒரு பச்சைப் புள்ளி. எங்கள் தெருவில் யார் வீட்டுக்குப் புள்ளி இருக்கிறது என்று ஊரே பார்த்தது. அந்தரங்கத்தில் தலையிடுவது என்று எதிர்ப்பும் வந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. அண்டை வீட்டின் கணக்கை ஊருக்குக் காட்டத் தேவையில்லை. சராசரியைக் காட்டினாலே போதும் என்பதுதான் காப் கவுண்டியின் பாடம்.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னைக்குத் தண்ணீர்ச் சட்டம் புதிதல்ல. 2003இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமானது. இந்தியாவிலேயே துணிச்சலான நடவடிக்கை அது, சில மாதங்களில் ஊர் முழுக்கக் குழாய்கள் மொட்டை மாடியிலிருந்து தரைக்கு இறங்கின. அடுத்த சில ஆண்டுகளில் பல இடங்களில் கிணற்று மட்டம் ஏறியது, உப்பு குறைந்தது. 2005இன் பெருமழைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் 2019இல் அதே ஊரின் ஏரிகள் வறண்டபோது, அந்தக் குழாய்களில் எத்தனை உயிரோடு இருந்தன? உறிஞ்சுகுழியில் போட்ட ஜல்லியும் மணலும் சேறு படிந்து அடைத்துக்கொள்ளும். ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை அள்ளிக் கழுவிப் போட வேண்டும், மாடியைப் பெருக்க வேண்டும். சட்டத்தால் குழாயைப் பொருத்த வைக்க முடிந்தது. ஆண்டுதோறும் குழியைச் சுத்தம் செய்வது அந்த வீட்டுக்காரரின் மனதைப் பொறுத்தது. எவ்வளவு கண்டிப்பான சட்டமும் இரண்டாம் ஆண்டிலிருந்து தன்னார்வத்தில்தான் பிழைக்கிறது. அந்தக் குழி எத்தனை லிட்டரை உள்ளே வாங்கியது என்று யாரும் அளக்கவில்லை. அதனால் அது அடைத்துக்கொண்டபோது எதை இழந்தோம் என்பதும் யாருக்கும் தெரியவில்லை. சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. நூறு சதுர மீட்டர் மாடியில் விழுவது 1,40,000 லிட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலே பத்துப் பன்னிரண்டு பெரிய லாரித் தண்ணீர். இந்த எண்ணை ஒவ்வொரு மாடிப்படியிலும் எழுதி வைத்திருந்தால் குழியை இவ்வளவு எளிதாக மறந்திருப்போமா என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இந்த ஊரில் தண்ணீரை அளந்து செலவழிப்பவர்கள் இல்லாமல் இல்லை. தெருக்குழாயிலும் அடிபம்பிலும் லாரியிலும் பிடிக்கிற பெண்கள் அளந்துதான் செலவழிக்கிறார்கள். பிளாஸ்டிக் குடம்தான் அவர்களுடைய மீட்டர். இன்றைக்கு எட்டுக் குடம், குளிக்க மூன்று, பாத்திரத்துக்கு ஒன்று, குடிக்கச் சமைக்க இரண்டு, துவைக்க மிச்சம் என்று ஒரு பட்ஜெட் தினமும் நடக்கிறது. அரிசி கழுவிய நீர் செடிக்குப் போகிறது, துணி அலசிய நீர் வாசலுக்குப் போகிறது. யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. சுமக்கிற தண்ணீரின் அளவு உடம்புக்குத் தெரியும். அவர்களுக்குச் சிக்கனம் போதிப்பது அநியாயம். அவர்களுக்கு இன்னும் அதிகம் வேண்டும். நகரங்களில் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் கிடைக்க வேண்டும் என்பது நாட்டின் பொது அளவுகோல். அதில் பாதிகூடக் கிடைக்காத வீடுகள் இருக்கும் ஊரில், தன்னார்வச் சேமிப்பு என்ற பேச்சு அந்த அளவுக்கு மேல் செலவழிப்பவர்களைப் பார்த்து மட்டுமே பேசப்பட வேண்டியது. யார் மேலே, யார் கீழே என்று தெரியாதவரை 'எல்லோரும் குறையுங்கள்' என்பது குறைவாக இருப்பவர்களின் தலையில்தான் விடியும். அளப்பது அவசியம் என்று நான் சொல்வதற்கு நியாயமும் ஒரு காரணம்.

சரி, எப்படி அளப்பது? மெட்ரோ வாட்டர் வந்து மீட்டர் வைக்கட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அடுக்ககத்தில் சம்ப் எனும் தரைக்கடித் தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்குப் போகும் பைப்பில் ஒரே ஒரு மீட்டர் போதும், முதல் அடிக்கு. மெட்ரோ, போர், லாரி எல்லாம் சம்ப்பில்தான் கலக்கின்றன. ஆகவே மேலே ஏறுவதுதான் மொத்தச் செலவு. காவலாளி தினமும் காலையில் எண்ணைக் குறித்து, குடியிருப்போரின் எண்ணிக்கையால் வகுத்து, லிஃப்ட் பக்கத்துப் பலகையில் எழுதட்டும். நேற்று ஆளுக்கு 190 லிட்டர். இந்த ஒரு வரியே ஒரு விவாதத்தைத் தொடங்கிவிடும். வீட்டுக்கு வீடு தனி மீட்டர் வைப்பது இதைவிடக் கடினம். நம் கட்டடங்களில் ஒவ்வொரு குளியலறைக்கும் சமையலறைக்கும் மாடியிலிருந்து தனித்தனி பைப் இறங்குகிறது. ஒரு வீட்டுக்குள் தண்ணீர் மூன்று நான்கு வழியாக நுழைகிறது. அத்தனைக்கும் மீட்டர் வைத்துக் கூட்ட வேண்டும். செலவுதான், ஆனால் பலன் உண்டு. அமெரிக்க அடுக்ககங்களை ஆராய்ந்து 2004இல் வந்த ஒரு பெரிய தேசிய ஆய்வு, தண்ணீர்க் கட்டணம் வாடகையோடு சேர்ந்திருக்கும் வீடுகளைவிடத் தனி மீட்டர் உள்ள வீடுகளில் செலவு ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு என்று கண்டது. கோடையில் லாரிக்கு நீங்கள் கட்டும் தொகையில் 15 சதவீதம் எவ்வளவு என்று கணக்குப் போட்டால், மீட்டருக்கான பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்பது தெரிந்துவிடும். புதிதாகக் கட்டுபவர்களிடம் வீட்டுக்கு ஒரே நுழைவு பைப் கேளுங்கள். கட்டும்போது அது பெரிய செலவில்லை, கட்டிய பிறகு சுவரை உடைக்க வேண்டும்.

எண் கையில் வந்ததும் நம் அறிவுரைகளின் வரிசை மாறிவிடும். பல் துலக்கும் நீர் பின்னுக்குப் போய்விடும். முன்னால் வந்து நிற்பது கழிப்பறை. நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஐந்து முறை பழைய பத்து லிட்டர் ஃப்ளஷை அழுத்தினால் ஒரு நாளைக்கு 200 லிட்டர். அதே வீட்டில் மூன்று லிட்டர், ஆறு லிட்டர் என்ற இரட்டைப் பொத்தான் தொட்டி இருந்து, ஐந்தில் நான்கு முறை சிறியதை அழுத்தினால் 72 லிட்டர். தொட்டியை மாற்ற முடியாவிட்டால் மணல் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை உள்ளே போட்டு வையுங்கள், நாளைக்கு 20 லிட்டர் மிச்சம். அடுத்தது ஆர்.ஓ. இயந்திரம். ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும் வீட்டு இயந்திரங்கள் சர்வசாதாரணம். குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் எடுத்தால் 40 முதல் 60 லிட்டர் சாக்கடைக்கு. தண்ணீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் இடங்களில் இந்த இயந்திரம் தேவையே இல்லை என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்னது. உங்கள் தண்ணீரின் உப்பை அளந்து பார்க்காமல் இயந்திரம் வாங்குவதும் அளக்காமல் செய்யும் செலவுகளில் ஒன்று. வெளியே வரும் நீர் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஆகும். செடிகளுக்கு மட்டும் யோசித்து ஊற்றுங்கள், உப்பு சேரும். குழாய் முனையில் திருகும் ஏரேட்டர் என்ற சிறு சல்லடை, காற்றைக் கலந்து, கை கழுவும் நீரைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடும். பெங்களூரு 2024 மார்ச்சில் வணிக இடங்களிலும் அடுக்ககங்களிலும் அதைக் கட்டாயமாக்கியது. இங்கே யாரும் சொல்லாமலேயே வாங்கி மாட்டலாம். கடைசியாக, காலையில் மொட்டை மாடித் தொட்டி வழிந்து தெருவில் கொட்டும் காட்சி. மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவியின் விலை ஒரு லாரித் தண்ணீரைவிடக் குறைவாக இருக்கும்போது, அந்தக் காட்சிக்கு ஒரு நியாயமும் இல்லை.

வியாபாரத்துக்கு வருவோம். 2019 கோடை யாருக்கு எப்படி இருந்ததோ, பழைய மகாபலிபுரம் சாலையின் ஐடி நிறுவனங்களுக்கும் ஊர் உணவகங்களுக்கும் அது உறைக்கும்படி இருந்தது. சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னன. சில உணவகங்கள் நேரத்தைக் குறைத்தன, மதியச் சாப்பாட்டைக் கைவிட்டன. வியாபாரத்துக்கு வீடுகளைவிட ஒரு வசதி உண்டு: எதனால் வகுப்பது என்பதில் குழப்பமில்லை. உணவகத்துக்கு ஒரு சாப்பாட்டுக்கு எத்தனை லிட்டர், தங்கும் விடுதிக்கு ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு எத்தனை, அலுவலகத்துக்கு ஒரு ஊழியருக்கு எத்தனை, கல்யாண மண்டபத்துக்கு ஒரு பந்திக்கு எத்தனை. எந்த முதலாளியும் எண்ணெய்க்கும் கேஸுக்கும் இந்தக் கணக்கைப் போடாமல் இருப்பதில்லை. பாத்திரம் கழுவும் இடத்தில் திறந்து விட்ட குழாய்க்குப் பதிலாகக் கையில் அழுத்தினால் மட்டும் பீய்ச்சும் முனை, தொட்டியில் ஊறவைத்துக் கழுவுவது, கேட்டால் மட்டும் டம்ளரை நிரப்புவது, ஏசி சொட்டும் நீரைப் பிடித்துத் தரை துடைப்பது என எல்லாம் சின்னச் சின்னது. கணக்கு இருந்தால்தான் எது உண்மையில் குறைக்கிறது என்று தெரியும். பெரிய கட்டடங்களில் குளிர்விக்கும் கோபுரம் குடிப்பதுதான் பெரும்பங்கு. அதற்கு நன்னீர் தேவையே இல்லை, சுத்திகரித்த கழிவுநீர் போதும். இது சென்னைக்குப் புதிதும் அல்ல. மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1990களின் தொடக்கத்திலிருந்தே ஊரின் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்துகிறது. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா நாளைக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் தொடங்கின. தொழிற்சாலைகள் அந்த நீரை வாங்குகின்றன. சிங்கப்பூர் 2015 முதல் ஆண்டுக்கு 60,000 கனமீட்டருக்கு மேல் பயன்படுத்தும் நிறுவனங்களை, எங்கே எவ்வளவு செலவாகிறது என்று மீட்டர் வைத்து அறிக்கையும் திட்டமும் கொடுக்கச் சொல்கிறது. இவ்வளவு குறை என்று சொல்வதற்கு முன்னால் அளந்து காட்டு என்கிறது. நம் ஊரின் வர்த்தக சங்கங்கள் இதை அரசாணை இல்லாமலேயே தங்கள் உறுப்பினர்களுக்கு வைக்க முடியும்.

இனி எதிர்வாதங்கள். முதலில் எழுவது, மெட்ரோ வாட்டரின் பைப்பே ஊர் முழுக்க ஒழுகுகிறது, அதை விட்டுவிட்டு என் குழாயை ஏன் பார்க்கிறாய் என்பது. கோபம் நியாயமானது. இந்திய நகரங்களின் குழாய்களில் கணிசமான தண்ணீர் வீடு சேரும் முன்பே காணாமல் போகிறது. ஆனால் எவ்வளவு போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அனுப்பியதிலிருந்து வந்து சேர்ந்ததைக் கழித்துத்தான். வந்து சேரும் இடத்தில் மீட்டர் இல்லாதவரை கசிவு ஒரு யூகம்தான். ஒரு பகுதியின் அடுக்ககங்கள் மெட்ரோ பைப்பிலும் ஒரு மீட்டர் வைத்து, தங்களுக்கு வந்து சேர்ந்த மெட்ரோ தண்ணீரின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பது கடினம்.

இரண்டாவது, மீட்டர் என்றாலே தனியார்மயத்தின் முதல்படி என்ற அச்சம். கோவையில் 2018இல் சூயஸ் நிறுவனத்தோடு 26 ஆண்டு ஒப்பந்தம் போட்டபோது எழுந்த எதிர்ப்பை நினைத்துக்கொண்டால் இந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும். தண்ணீர் விலைப்பொருளாகக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. நான் சொல்லும் மீட்டர் அடுக்ககத்தின் சொந்த மீட்டர், வியாபாரியின் சொந்த மீட்டர். அதன் ரீடிங் எந்த அலுவலகத்துக்கும் போகாது. பேச வேண்டியது எதுவென்றால், மீட்டர் இல்லாத இன்றைய ஏற்பாட்டில் யார் லாபம் அடைகிறார்கள் என்பது. ஒரே கட்டணம் கட்டிவிட்டு, புல்வெளிக்கும் கார் கழுவவும் குழாயைத் திறந்து விடுபவர் லாபம் அடைகிறார். லாரிக்காரர் லாபம் அடைகிறார்.

மூன்றாவது எதிர்வாதம்தான் உண்மையில் கடினமானது. நான் போரில் இழுக்காமல் விட்ட நிலத்தடி நீரைப் பக்கத்துக் காலிமனையில் லாரி நிரப்புகிறவன் இழுத்துவிடுவான். நான் சேமித்து யாருக்கு லாபம்? பூமிக்கடியில் வேலி கிடையாது என்பது உண்மை. சென்னைக்கென்று 1987லேயே நிலத்தடி நீர்ச் சட்டம் இருந்தும் வணிக உறிஞ்சலை அது நிறுத்திவிடவில்லை. தனி மனிதரின் நல்லெண்ணம் இதைத் தீர்க்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிலத்தடி நீர் நதியைப் போல ஓடிவிடுவதும் இல்லை, மெல்ல நகர்வது. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர மணற்பகுதிகளில், ஒரு தெருவே சேர்ந்து குறைவாக இழுத்து, மழையை உள்ளே விட்டால், பலனை முதலில் பார்ப்பது அந்தத் தெருதான். கிணற்று நீரில் உப்பு ஏறுவது தள்ளிப்போகும். இங்கும் கணக்கு உதவும். பழைய கிணறு இருக்கும் வீடுகள் மாதம் ஒருமுறை கயிற்றில் கல்லைக் கட்டி மட்டத்தை அளந்து குறித்துவைத்தால், திடீரென்று மட்டம் இறங்கும் மாதத்தில் யாரோ எங்கோ இழுக்கிறார்கள் என்பது ஆதாரத்தோடு தெரியும். புகார் கொடுக்கப் போகும்போது கையில் அந்த நோட்டு இருக்கும்.

கடல்நீர் இருக்கிறதே என்பார்கள். மீஞ்சூர் 2010இல் வந்தது, நெம்மேலி 2013இல் வந்து 2024இல் விரிந்தது, பேரூரில் நாளைக்கு 40 கோடி லிட்டருக்குப் பெரியது கட்டப்படுகிறது. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், மழை பொய்க்கும் ஊருக்கு அது காப்பீடு. ஆனால் ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் செலவழித்து எடுக்கும் தண்ணீரைப் பத்துப் பத்து லிட்டராக ஃப்ளஷில் தள்ளுவதற்கு அது காரணமாக முடியாது. சேமித்த தண்ணீரைப் புதிதாக வரும் கோபுரக் குடியிருப்புகள் குடித்துவிடும் என்ற வாதமும் உண்டு. அந்த மக்களும் எங்கோ குடியிருந்து எதையோ குடிக்கத்தான் போகிறார்கள், அதைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை.

இன்னொரு நுணுக்கமான கேள்வி இருக்கிறது. நம் ஏரிகள் ஐப்பசி கார்த்திகையில் நிரம்பி அடுத்த மழைவரை வடிகின்றன. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் சேர்ந்து கொள்வது 11 டி.எம்.சி. சொச்சம். நல்ல மழை ஆண்டில் நான் சேமித்த தண்ணீர் அடுத்த மழையில் கடலுக்குத்தானே வழியும்? ஏரிகள் ஆழமற்றவை, வெயில் குடிப்பதும் உண்டு. ஒவ்வொரு லிட்டரும் மிஞ்சாது என்பது சரி. ஆனால் அடுத்த மழை நல்ல மழையா என்று முன்கூட்டியே தெரியாது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய ஊர், 2016 மழை பொய்த்ததால் 2017இல் சிக்கராயபுரம் கல்குவாரி நீரைக் குடித்தது. 2018இன் வடகிழக்குப் பருவமழை சராசரியில் பாதியைக்கூடத் தொடவில்லை. 2019 ஜூனில் நான்கு ஏரிகளிலும் சேர்த்துக் கொள்ளளவில் ஒரு சதவீதம்கூட இல்லை, நாளைக்கு 83 கோடி லிட்டராக இருந்த விநியோகம் 52.5 கோடியாகக் குறைந்தது. அப்போது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஜூலை 12ஆம் தேதி முதல் ரயில், 50 வேகன், 25 லட்சம் லிட்டர். நாளைக்கு ஒரு கோடி லிட்டர் கொண்டுவருவது திட்டம். ஒதுக்கியது 65 கோடி ரூபாய். அந்த ஒரு கோடி லிட்டர், இந்த ஊரில் 10 லட்சம் பேர் நாளைக்கு ஆளுக்குப் பத்து லிட்டர் குறைத்தால் கிடைப்பது. பத்து லிட்டர் என்பது ஒரு ஃப்ளஷ்.

ஜூன் மாதத்தில் அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்டால் பலன் இல்லை, அதற்குள் குழாயில் வருவதே குறைந்திருக்கும். ஏரி நிறைந்திருக்கும் ஜனவரிதான் மீட்டர் பொருத்த ஏற்ற மாதம். அப்போது யாருக்கும் அவசரம் இல்லை, அடுக்ககக் கூட்டத்தில் பேச நேரம் இருக்கிறது, பிளம்பரும் கிடைப்பார். மே மாதம் லாரிக்காரர் விலையை ஏற்றும்போது சங்கத்தின் கையில் நான்கு மாதக் கணக்கு இருக்கும்: எந்த நாளில் ஆளுக்கு எத்தனை லிட்டர் ஏறியது, எந்த வாரம் தொட்டி வழிந்தது, எத்தனை லாரியை வேண்டாம் என்று சொல்லலாம் என்று.